ஏழே ஊரில் ஒரு மொழி!

மதுரை காளவாசல் பஸ் நிறுத்தத்தில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். தமிழ் கேட்கும். கூடவே சௌராஷ்டிரமும் தெலுங்கும் காதில் விழும்.

நம் நாட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறவர்கள் 2 லட்சத்து 47 ஆயிரம் பேருக்கு மேல் என்று 2011-ம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கு சொல்லுகிறது.

ஆனால், தமிழ்நாட்டிலேயே ஏழே ஏழு ஊர்களில் மட்டும் பேசப்படும் மொழி ஒன்று இருக்கிறது. அது எது தெரியுமா?

கோத்தர் மொழி!

மலை மேலே

நீலகிரி மலையில் கோத்தகிரி என்ற ஊரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கோத்தர்கள் வாழும் மலை என்பதால்தான் அந்தப் பெயர் வந்தது.

கோத்தர் ஊருக்குக் "கோக்கால்" என்று பெயர். ஆறு ஊர்கள் குளிர் மிகுந்த மலை மேலே இருக்கின்றன. ஏழாவது ஊர், மேற்கே கூடலூர்ப் பக்கம் தாழ்வான இடத்தில் இருக்கிறது. ஏழு ஊரையும் சேர்த்தாலும் சில ஆயிரம் பேர்தான். மதுரையில் ஒரு பெரிய கல்யாண மண்டபத்தில் கூடும் கூட்டம்!

ஆண்கள் இரும்பு வேலை, மர வேலை செய்தார்கள். பெண்கள் பானை வனைந்தார்கள். படுகர் வீட்டுச் சாவுக்கும் தோடர் வீட்டுச் சாவுக்கும் வாத்தியம் வாசித்தார்கள். பதிலுக்குப் படுகர் தானியம் கொடுத்தார்கள். தோடர் நெய் கொடுத்தார்கள்.

1819-ல் கலெக்டர் சல்லிவன் மலை ஏறினார். பின்னாலேயே சாலை வந்தது, சந்தை வந்தது. கடையில் மண்வெட்டி கிடைத்தது. 1930-களில் படுகர்கள் கோத்தர் வாத்தியத்தையும் நிறுத்தத் தொடங்கினார்கள். பழைய கொடுக்கல் வாங்கல் அற்றுப்போயிற்று.

மொழி மட்டும் வீட்டுக்குள் இருந்தது.

செவியும் கெவ்வும்

நாம் "செவி" என்கிறோம். கோத்தர் "கெவ்" என்கிறார்கள். நமக்குச் "சேரி", அவர்களுக்குக் "கேர்". ஒவ்வொரு கோக்காலிலும் மூன்று கேர் உண்டு. ஒரே கேரில் பெண் எடுக்கமாட்டார்கள்.

வெகு காலத்துக்கு முன்பு, தமிழிலும் இந்தச் சொற்கள் "க" ஓசையில்தான் தொடங்கின. பிறகு "ச" ஆயிற்று. நாம் விட்டுவிட்ட ஓசையை அந்த மலைவாசிகள் வைத்திருக்கிறார்கள்!

இதை உலகுக்குக் காட்டியவர் எமனோ என்ற அமெரிக்கப் பேராசிரியர். 1935-ல் இந்தியா வந்தார். சுள்ளி என்ற கோத்தர் கதை கதையாகச் சொன்னார். எமனோ எழுதிக்கொண்டார். அந்தக் கதைகள் 1944 முதல் 1946 வரை கலிபோர்னியாவில் புத்தகங்களாக வெளிவந்தன.

கணக்கில் இல்லை

கோத்தர் மொழிக்குத் தனி எழுத்து கிடையாது. பிள்ளைகள் பள்ளியில் படிப்பது தமிழும் இங்கிலீஷும். பாட்டி பேசினால்தான் பேத்திக்கு வரும்.

சர்க்கார் கணக்கில் வேறு ஒரு சங்கடம். 1971 முதல், 10,000 பேருக்குக் குறைவாகப் பேசும் மொழியைத் தனியாக வெளியிடுவதில்லை. "மற்றவை" என்று ஒன்றாகக் கட்டிவிடுகிறார்கள். காட்டில் புலியை ஒவ்வொன்றாக எண்ணும் நாட்டில் இது சரியாகப் படவில்லை. எத்தனை பேர் பேசுகிறார்கள் என்று தெரியாமல், குறைகிறதா கூடுகிறதா என்று எப்படிச் சொல்வது?

சுவிட்சர்லாந்திலும் இப்படி ஒரு மலை மொழி உண்டு. பெயர் ரோமான்ஷ். பேசுகிறவர்கள் சுமார் 60,000 பேர். 1938-ல் அந்நாட்டு மக்கள் ஓட்டுப் போட்டு, அதை நான்காவது தேசிய மொழி ஆக்கினார்கள். அதற்குப் பள்ளிக்கூடம் உண்டு; ரேடியோ உண்டு. அப்படியும் பல கிராமங்களில் ஜெர்மன் மொழி அதை மெல்லத் தள்ளிவிட்டது. சட்டமும் பணமும் இருந்த இடத்திலேயே இந்தக் கதி!

நம் அடுத்த ஜனத்தொகைக் கணக்குக்குக் குறித்த நாள் 2027 மார்ச் 1. தாய்மொழி எது என்பது கணக்கெடுப்பில் வழக்கமாக வரும் கேள்வி. "தமிழ்நாட்டில்தானே இருக்கிறோம்" என்று, கோத்தர் வீட்டிலும் சௌராஷ்டிரர் வீட்டிலும் யாராவது தமிழ் என்று சொல்லிவிடலாம். கணக்கில் தாய்மொழி என்றால், குழந்தைப் பருவத்தில் தாய் நம்மிடம் பேசிய மொழி.