தார் வீதியின் விளிம்பில்

சென்ற பெரும்போக அறுவடையின்போது ஒரு சாயங்காலம், எங்கள் ஒழுங்கை கண்டி வீதியோடு கூடுகிற இடத்தில் நின்றிருந்த நான், அயலவர் ஒருவர் தம்முடைய பழைய ஜீப்பின் பின்னால் பெட்டியைப் பூட்டி, அதில் பத்துப் பன்னிரண்டு நெல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மெல்ல வந்து, முன்சில்லு தாரில் படுவதற்கு இரண்டு முழம் இருக்கும்போதே நிறுத்தி, என்ஜினை அணைத்துவிட்டு இறங்கியதைக் கண்டேன். நெல் குற்றும் ஆலை அங்கிருந்து கண்ணுக்குத் தெரிகிற தூரந்தான். முந்நூறு யாருக்கு மேல் இராது. ஆயினும் அவர் மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கி வைத்து, கூலிக்குப் பேசியிருந்த லான்ட்மாஸ்டர் வரும்வரை அவற்றின்மேல் அமர்ந்திருந்தார். "வயலுக்குள்ள ஒருத்தரும் கேக்கிறதில்ல ஐயா. றோட்டில ஏறினால் நம்பர் எங்க, புத்தகம் எங்க எண்டு கேப்பாங்கள்" என்றார். அந்தக் கேள்வி நியாயமானதே. அதற்கு மறுமொழி சொல்ல அவரிடம் ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை என்பதே என் மனத்தை உறுத்திய விஷயம்.

இந்தப் பக்கத்து வயல்களுக்கு ஜீப் வந்த வரலாறு திருகோணமலைத் துறைமுகத்தின் வரலாற்றோடு பிணைந்தது. 1942 ஏப்ரல் 9ஆந் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையையும் சீனன்குடா விமானத்தளத்தையும் தாக்கின. 1944இல் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியக் கட்டளைப் பீடம் கண்டிக்கு வந்து சேர்ந்தது. அந்த யுத்த வருஷங்களில் இத்தீவெங்கும் படை வாகனங்களின் நடமாட்டம் மிகுந்திருந்தது. அவற்றுள் வில்லிஸ், போர்ட் என்னும் இரண்டு அமெரிக்கக் கம்பனிகளும் 6 லட்சத்துக்கு மேலாகச் செய்து உலகின் போர்முனைகளுக்கெல்லாம் அனுப்பிய ஜீப்பும் ஒன்று. ஒரு தொன் அளவான நிறையும், 60 குதிரைவலுவும், நான்கு சில்லுகளையும் ஒருங்கே இழுக்கும் பொறியமைப்பும் கொண்ட அந்தச் சிறு வாகனம், சேற்றிலும் மணலிலும் அகப்பட்டு நில்லாமல் போவதற்கென்றே படைக்கப்பட்டதாகையால், யுத்தம் முடிந்து அதைக் கழித்து விற்றபோது, மழைகாலத்தில் மாட்டுவண்டியும் புதைகிற பாதைகளை உடைய கமக்காரர் கையில் அது சேர்ந்ததில் ஆச்சரியம் இல்லை. துறைமுகத் தளத்தில் வேலைசெய்த என் தகப்பனாரும், மேற்சொன்ன அயலவருடைய தகப்பனாரும், ஏலத்தில் எடுத்த ஒரு வியாபாரியிடமிருந்து ஆளுக்கொரு ஜீப்பை வாங்கினார்கள்.

போர் வாகனத்தை வயலுக்குக் கொண்டுபோகலாம் என்று கண்டவர்கள் எங்கள் தகப்பன்மார் மாத்திரம் அல்லர். வில்லிஸ் கம்பனியே 1945இல் கமக்காரருக்கென்று ஒரு ஜீப்பைச் செய்து, அதன் என்ஜின் வலுவால் வேறு யந்திரங்களையும் சுழற்றுவதற்கு வசதி வைத்து விற்றது. பிரித்தானியாவில் ரோவர் கம்பனியின் தலைமைப் பொறியியலாளர் மொரிஸ் வில்க்ஸ், வேல்ஸ் நாட்டு ஆங்கில்சீ தீவிலிருந்த தம் காணியில் படை கழித்த ஜீப் ஒன்றை ஓட்டிய அநுபவத்திலிருந்தே, 1948இல் அம்ஸ்டர்டாம் கண்காட்சியில் வெளிவந்த லான்ட் ரோவர் பிறந்தது. அதன் முதல் மாதிரியை ஜீப்பின் அடிச்சட்டத்தின் மேலேயே கட்டி, உழவு இயந்திரத்தில் இருப்பதுபோல் ஓட்டுநரை நடுவில் இருத்தினார்கள் என்று படித்தபோது, எங்கள் வீட்டு ஜீப்பில் இடப்பக்கம் இருந்த சுக்கானும், அதனால் என் தகப்பனார் பட்ட சிரமமும் ஞாபகத்துக்கு வந்தன.

அதைப் பதிவுசெய்ய அவர் போனபோது எனக்குப் பத்து வயது, கூடவே கூட்டிப்போனார். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டம் அப்போது புதியது. பரிசோதகர் ஒருவர் குனிந்தும் நிமிர்ந்தும் என்ஜின் இலக்கத்தையும் சேசிஸ் இலக்கத்தையும் வாசிக்க, மற்றொருவர் எழுதிக்கொண்டார்; பிரேக்கைப் பார்த்தார்கள், விளக்கைப் பார்த்தார்கள், சுக்கான் இடப்பக்கம் இருப்பதைப் பற்றி நெடுநேரம் பேசினார்கள்; கடைசியில் ஒரு புத்தகம் கிடைத்தது. தகப்பனார் அதை ஒரு பிஸ்கற் தகரத்தில், காணி உறுதிகளோடு வைத்திருந்தார். வீதியில் போகும் உரிமையை அவர் காணியுரிமைக்குச் சமமாக மதித்தார் என்பதை நான் பின்னாளிலேயே விளங்கிக்கொண்டேன். இலக்கத்தகடு என்பது இந்நாட்டில் வெறும் தகரமாக ஒருபோதும் இருந்ததில்லை. சிங்கள ஸ்ரீ எழுத்து அதில் புகுத்தப்பட்டபின், 1958இல் வடக்கிலும் கிழக்கிலும் அந்த எழுத்தைத் தமிழில் மாற்றி எழுதிக்கொண்டு வாகனங்களை ஓட்டியதற்காகத் தலைவர்கள் சிறை சென்றதை என் வயதினர் மறக்கமாட்டார்கள்.

எங்கள் ஜீப் பிற்பாடு கைமாறிப் போயிற்று. அயலவருடையது நிலைத்தது, ஆனால் 1990இல் உள்நாட்டுப் போரால் ஊரே இடம்பெயர்ந்தபோது அவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்களேயன்றிக் கடதாசிகளைத் தூக்கவில்லை. வருஷங்கள் கழித்துத் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை, தகரப்பெட்டி இல்லை. மரத்தடியில் சில்லுகள் இல்லாமல் ஜீப் மாத்திரம் கிடந்தது. அதைச் சிறுகச் சிறுகத் திருத்தி ஓடவைத்தவர், புதிதாகப் பதியலாமோ என்று ஓர் அலுவலகத்தில் விசாரித்தபோது, முதலில் விற்றவரின் கடிதம் வேண்டும் என்றார்களாம். முதலில் விற்றதோ, 1957இல் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்துவிட்டுப் போன பிரித்தானியப் படை.

இதற்குப் பரிகாரம் இல்லாமல் இல்லை. இந்தியாவில் 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், படையிலிருந்து கழிக்கப்பட்ட வாகனத்தைப் பதியும்போது உரிய அதிகாரிகள் கொடுத்த அசல் விற்பனைச் சான்றிதழை 21ஆம் படிவத்தில் இணைக்கவேண்டும் என்று பிரத்தியேகமாகச் சொல்கின்றன. ஆகையால் வாங்கும் நாளிலேயே பதிவுக்கான ஆதாரம் கையில் இருக்கிறது. அமெரிக்காவில் 2014இல் ஹம்வீ என்னும் படை வாகனங்களைப் பகிரங்க ஏலத்தில் விடத் தொடங்கியபோது, பொதுவீதிக்கு உரியவையல்ல என்ற நிபந்தனையோடே விற்றார்கள்; வாங்குபவருக்கு நிலைமை முன்கூட்டியே தெரிந்தது. என் மனத்துக்கு மிகவும் ஏற்றது பிரித்தானிய முறை. ஒரே கமக்காரர் கைக்கொண்டுள்ள இரண்டு காணித்துண்டுகளுக்கு இடையே 1.5 கிலோமீற்றருக்கு மேற்படாத தூரம் மாத்திரம் பொதுவீதியில் ஓடும் விவசாய வாகனத்தை அங்கே தனி வகுப்பாக வைத்து, வரியின்றி அநுமதிக்கிறார்கள். அத்தூரத்தைச் சந்தைக்கும் ஆலைக்கும் இங்கே விரித்துக்கொள்ளலாம்.

அப்படியொரு வகுப்பை இங்கே ஏற்படுத்துவதற்கு வேண்டிய ஆதாரங்களில் பாதி ஏற்கெனவே இருக்கின்றன. யார் எந்த வயலைச் செய்கிறார் என்பது கமநல சேவை நிலையத்தின் பதிவேட்டில் உண்டு. வாகனம் எத்தனை வருஷமாக யார் கையில் இருக்கிறது என்பதைக் கிராம உத்தியோகத்தர் விசாரித்து அறியலாம். பரிசோதகர் போகத்துக்கு ஒரு முறை பிரதேச செயலகத்துக்கு வந்தால் பிரேக்கையும் சுக்கானையும் பார்த்துவிடலாம். களவெடுத்த வாகனம் இந்த வழியால் புகுந்துவிடாதபடி இலக்கங்களை ஒப்பிட்டுப் பார்ப்பதையும், காப்புறுதியையும், வேகக் கட்டுப்பாட்டையும் நான் ஒருபோதும் தளர்த்தச் சொல்லமாட்டேன். விளக்கில்லாத பெட்டியொன்று இருட்டில் வீதியில் நின்றதால் மோட்டார் சைக்கிளில் வந்த பிள்ளைகள் மாண்ட வீடுகளுக்கு நான் போயிருக்கிறேன். படையின் பச்சை நிறத்தைச் சுரண்டி வேறு நிறம் பூசவேண்டும் என்றால் அதையும் முழுமனத்தோடு வரவேற்பேன். அந்த நிறத்து வாகனம் ஒழுங்கையில் திரும்பும் சத்தத்துக்கே நெஞ்சு பதைத்த தாய்மார் இந்த ஊரில் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.

இந்த எண்ணங்களை ஒரு விண்ணப்பமாக எழுதித் தருவதாகச் சொன்னபோது, அயலவர் முதலில் சேசிஸ் இலக்கத்தை எடுத்துவிடுவோம் என்றார். முன் பம்பருக்குப் பின்னே இடப்பக்கச் சட்டத்தின் உட்புறத்தில் பதித்திருக்கும் அந்தச் சிறு தகட்டை, நேற்றுப் பின்னேரம் மண்ணெண்ணெய் ஊற்றிக் கம்பித் தூரிகையால் தேய்த்து, நிலத்தில் மல்லாந்து படுத்தபடி ஒவ்வோர் இலக்கமாக வாசித்தார். நான் அப்பியாசக் கொப்பியில் எழுதினேன். நான்கு இலக்கம் தெளிவாக வந்தன. ஐந்தாவது மூன்றோ எட்டோ என்று தெரியவில்லை, துரு அரித்திருந்தது. பொழுதும் பட்டுவிட்டது. மகளைக் கூப்பிட்டு ரோர்ச் லைற்றை எடுத்துவரச் சொல்லிவிட்டு, அவர் மறுபடி தூரிகையை எடுத்தார்.