முழுப் பேர் பெறாத தாய்மார்

மலையகத் தோட்டங்களிலே “பேர்” என்னும் சொல்லுக்குத் தனிப் பொருளொன்று உண்டு. ஒரு நாள் வேலைக்காகச் செக்ரோலிலே விழும் பதிவு அது. அதற்குரிய ஒரு நாட் கூலியும் அதுவே. குறித்த நிறைக்குக் கொழுந்து கொய்தவளுக்கு முழுப் பேர். நிறை குறைந்தவளுக்கு அரைப் பேர். விடியலிலே பெரட்டுக் களத்துக்குப் பிந்தி வந்தவள் பேரே இன்றி லயத்துக்குத் திரும்ப வேண்டியதுதான். இவ்வாறு நாள்தோறும் பேருக்காக உழைத்து ஓய்ந்த தாய்மாருக்கும் பாட்டிமாருக்கும் இந்நாட்டுச் சட்டப் புத்தகம் கொடுத்த பேர் என்ன? அதனைக் கேட்பதற்கே இக்கட்டுரை.

கண்டி மாநகரின் கிழக்கே, மகாவலி கங்கைக்கு அப்பால், தும்பறைப் பள்ளத்தாக்கிலே இருக்கிறது பல்லேகல. கைத்தொழிற் பேட்டையும் சிறைச்சாலையும் கிரிக்கெட் மைதானமுமாக இன்று அதனை அறிவோம். ஒரு காலத்தில் இப்பள்ளத்தாக்கு கோப்பியும் கொக்கோவும் விளைந்த தோட்டநிலம். அந்த மைதானத்துக்கு முத்தையா முரளிதரன் அவர்களின் பெயரைச் சூட்டுவதென 2010-ஆம் ஆண்டில் மத்திய மாகாண சபை தீர்மானித்தது. தோட்டத் தொழிலுக்காக 1920-ஆம் ஆண்டில் கடல் கடந்து வந்த ஒருவரின் பேரர் அவர். அத்தீர்மானங் கண்டு மகிழாத மலையகத் தமிழர் எவர்? பேரனின் பெயர் பலகையிலே ஏறுவது நன்று. ஆனால், அம்மலைகளிலே பேரர்களை ஆளாக்கிய ஆயிரமாயிரம் பாட்டிமாரின் பெயர்கள் எந்த ஏட்டிலே இருக்கின்றன?

தேயிலை கேட்ட கரங்கள்

கோப்பிக் காலத்திலே பெரும்பாலும் ஆண்களே வந்தனர். பறிப்புக் காலம் முடிந்ததும் ஊர் திரும்பினர். 1869-ஆம் ஆண்டில் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. அதற்கு ஈராண்டு முன்னரே கண்டி மலைப்பகுதியின் லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரிலே தேயிலை நட்டிருந்தார். தேயிலையோ பருவம் பார்த்துக் காய்க்கும் பயிரன்று. ஆண்டு முழுவதும், வாரத்துக்கு வாரம், கொழுந்து தளிர்த்துக்கொண்டே இருக்கும். கொய்யும் கரமும் அங்கேயே குடியிருத்தல் வேண்டும். ஆகவே, தேயிலை குடும்பத்தைக் கேட்டது. குடும்பத்திலும் பெண்ணைக் கேட்டது. இலங்கையின் கருவூலத்தை ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நிரப்பிய செல்வம் அவள் விரல் நுனியிலே பிறந்தது.

அவ்விரல்களுக்குச் சட்டம் இட்ட விலை யாது? இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1927-ஆம் ஆண்டில் வந்தபோது ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதனினும் குறைந்த கூலி, பிள்ளைக்கு அதனினும் குறைந்த கூலி என வகுக்கப்பட்டது. ஆணுக்கும் பெண்ணுக்கும் சமகூலி கிடைத்தது 1984-ஆம் ஆண்டிலேதான். இடைப்பட்ட 57 ஆண்டுகளிலே பிறந்து, உழைத்து, முதுமையும் எய்திவிட்ட பெண்கள் எத்தனை பேர்!

அம்மாயியின் கணக்கு

அவர்களுள் ஒருத்தி என் தாயைப் பெற்ற அம்மாயி. பல்லேகலைக்கு மேலே உள்ள மலைத் தோட்டமொன்றில் 1926-ஆம் ஆண்டிலே பிறந்தாள். பன்னிரண்டு வயதிலே புல்வெட்டப் போனாள். அறுபது வயதுவரை கொழுந்துக் கூடை அவள் முதுகைவிட்டு இறங்கவில்லை. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, பீலியிலே தண்ணீர் பிடித்து, ரொட்டி தட்டி, கைக்குழந்தையைப் பிள்ளை மடுவத்திலே விட்டு, சங்கு ஊதுமுன் களத்திலே நிற்பாள். அட்டை கடித்த காலோடு மலையேறுவாள். கூடைக்கு இத்தனை, ஈரக் கொழுந்துக்கு இத்தனை எனத் தராசிலே கழித்தது போக எஞ்சியதே அவள் கணக்கு. ஆண்கள் பலர் நண்பகலிலே வேலை முடித்துத் திரும்புவர்; அவளோ மாலை நிறுவைக்குப் பின்னரே அடுப்பு மூட்ட வருவாள். ஏழு பிள்ளைகளைப் பெற்றாள், நால்வரே நிலைத்தனர்.

அவள் பிடித்த சீட்டுக் காசிலே என் தாய் எழுதப் படிக்கக் கற்றாள். நான் கண்டியிலே பள்ளிக்கூடம் சென்றேன். எழுத்தறியாத அவள், எவருக்கு எத்தனை ராத்தல், எவருக்கு எத்தனை பேர் என்பதை மாத முடிவுவரை மனத்திலே வைத்திருப்பாள். கணக்கப்பிள்ளையின் கணக்கு பிழைத்ததுண்டு. அவள் கணக்கு பிழைத்ததில்லை. பேரப்பிள்ளைகளுக்கு அவள் சொன்ன புத்திமதி ஒன்றே: “பேரை விட்டுறாதீங்க தங்கம்.”

சட்டம் காணாத தாய்

இனிச் சட்டத்துக்கு வருவோம். 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தின்படி, அவ்வாண்டு நவம்பர் 15-க்கு முன் இங்கு பிறந்தவர் வம்சாவழிப் பிரசையாவதற்குத் தந்தை இந்நாட்டிலே பிறந்திருத்தல் வேண்டும். அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருத்தல் வேண்டும். அதன் பின் பிறந்தவருக்குத் தந்தை பிரசையாயிருத்தல் வேண்டும். தாய் எங்கே? முறைப்படி மணந்த தம்பதியரின் பிள்ளைக்குத் தாயின் பிறப்பு எவ்வித உரிமையையும் தரவில்லை. பத்து மாதம் சுமந்தவளைச் சட்டம் சாட்சியாகக்கூட அழைக்கவில்லை!

என் அம்மாயி இங்கே பிறந்தவள்; அவள் தந்தை தமிழகத்திலே பிறந்தவர். ஆகவே அவள் பிரசையல்லள். அவள் கணவரும் குழந்தைப் பருவத்திலே கடல் கடந்து வந்தவர். ஆகவே, இந்நாட்டுத் தாய்க்கு இந்நாட்டிலே பிறந்த பிள்ளைகளும் பிரசைகளல்லர். 1949-ஆம் ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தம் வாக்குரிமையையும் பறித்தது. கொடாக்கன் பிள்ளை வழக்கு பிரிவுக் கவுன்சில் வரை சென்றது. 1953-ஆம் ஆண்டில் அங்கும் அச்சட்டங்கள் செல்லுபடியாகும் எனவே தீர்ப்பாயிற்று. 1964-ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கிட்டது. அம்மாயியின் தங்கை குடும்பத்தோடு தலைமன்னாரிலே கப்பலேறி நீலகிரி சேர்ந்தாள். ஒரே மடியிலே வளர்ந்த சகோதரிகள் அதன் பின் ஒருவரை ஒருவர் காணவேயில்லை.

1988-ஆம் ஆண்டின் சட்டத்தால் அம்மாயி பிரசையானபோது அவளுக்கு வயது 62. ஓய்வு பெற்று ஈராண்டு கடந்திருந்தது. உழைத்த காலமெல்லாம் நாடில்லாதவள். நாடு கிடைத்தபோது உழைக்கும் வலிமை இல்லாதவள். தாய்வழியாலும் குடியுரிமை உண்டு என்பதை 2003-ஆம் ஆண்டின் 16-ஆம் இலக்கத் திருத்தம் ஏற்றுக்கொண்டது. அதனைக் காண அவள் இல்லை. 1998-ஆம் ஆண்டிலேயே மறைந்தாள்.

ஊழியர் சேமலாப நிதியிலும் இதே கதைதான். செக்ரோலிலே அவள் பெயர் ஒருவிதம், நிதி அட்டையிலே வேறு விதம், பிறப்புப் பதிவிலே மூன்றாவது விதம். மூன்றையும் எழுதியவர்கள் பிறர். தானே அவள் என நிரூபிக்கும் பாரமோ அவள் தலையிலே. அறுபது வயதுக் கிழவி நான்கு ஆண்டுகள் படியேறி இறங்கிய பின்னரே அவள் காசு அவள் கைக்கு வந்தது. இதே வழக்கோடு இன்றும் என்னிடம் வரும் தாய்மார் பலர்.

நம் வீட்டுக் குறை

அரசாங்கத்தை மட்டும் நொந்து பயனென்ன? பெண்ணின் கூலியைக் கணவனோ தந்தையோ கைநீட்டி வாங்கிய வழக்கம் பல தோட்டங்களில் நெடுங்காலம் இருந்தது. அதனை நாம் வழக்கமென்றே விட்டுவிட்டோம். கொழுந்து கொய்வோரிற் பெரும்பாலார் பெண்கள். சந்தா கொடுப்போரும் அவர்களே. தொழிற்சங்க மேடையிலே நாற்காலியில் இருப்போர் எவர்?

வடக்கிலே உள்ள உழவர் பெருமக்களுக்கும் ஒரு வார்த்தை. சீதனமாக வந்த காணியின் உறுதியிலே தாயின் பெயர் நிற்கக் கண்டவர்கள் நீங்கள். ஒல்லாந்தர் காலத்திலே, 1707-ஆம் ஆண்டில் தொகுக்கப்பட்ட தேசவழமை அதற்குச் சான்று. மனைவி தன் நிலத்தை விற்கக் கணவன் சம்மதம் வேண்டும் என்ற குறை அங்கும் இருந்தது. எனினும் பெயராவது உண்டு. மலையகத் தாய்க்கு நிலமுமில்லை, உறுதியுமில்லை. அவள் கொய்த தேயிலையைப் பருகாத வீடு வடக்கிலே உண்டோ? அவளுக்காகக் குரல் கொடுக்கும் கடமை உங்களுக்கும் உண்டன்றோ?

செய்ய வேண்டியவை

2023-ஆம் ஆண்டிலே, மலையக மக்களின் 200 ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மக்கள் நடந்தனர். நினைவு நன்று, உரிமை அதனினும் நன்று. ஆகவே நாம் கேட்பவை இவை.

முதலாவது, லயங்களுக்குப் பதிலாகக் கட்டப்படும் வீடுகளின் காணி உறுதி கணவன் மனைவி இருவர் பெயரிலும் எழுதப்படல் வேண்டும். “குடும்பத் தலைவர்” என்ற கட்டத்திலே ஆண் பெயரை மட்டும் நிரப்பும் பழக்கம் ஒழிதல் வேண்டும். ஏழு பேர்ச்சஸ் நிலமாயினும் அதிலே அவள் பெயர் இருக்கட்டும்.

இரண்டாவது, சேமலாப நிதிப் பதிவிலே பெயர் பிழைத்திருந்தால், அப்பிழையைத் திருத்தும் பொறுப்பு அதனை எழுதிய நிர்வாகத்தையே சாரும் என விதித்தல் வேண்டும். தொழிலாளியின் ஒரே சத்தியக் கடதாசி போதுமானதாக வேண்டும்.

மூன்றாவது, தொழிற்சங்கங்களின் தோட்டக் கமிட்டிகளிலே பெண்கள் தொகைக்கேற்ப இடம் பெறல் வேண்டும். மாதர் அணி என்று ஒரு மூலையிலே பாய் விரித்துக் கொடுப்பது போதாது.

நான்காவது அரசாங்கத்திடம் கேட்பதன்று, நம்மிடமே கேட்பது. ஒவ்வொரு குடும்பமும் தன் தாய், பாட்டி, பூட்டி ஆகியோரின் பெயர்களையும், பிறந்த தோட்டத்தையும், உழைத்த ஆண்டுகளையும் ஒரு கொப்பியிலே எழுதி வைத்தல் வேண்டும். தந்தை, பாட்டன், பூட்டன் எனக் கேட்டு நம்மை நாடற்றவராக்கியது ஒரு சட்டம். அக்கேள்விக்கு விடை சொல்லும் தாள்கள் அன்று நம்மிடம் இல்லை. இன்னொரு முறை எவரும் கேட்கும்போது தாய்வழியும் தந்தைவழியும் நம் கையிலே எழுத்தாக இருத்தல் வேண்டும்.

தாயைத் தெய்வமென்று மேடையிலே புகழ்வதற்கு நம்மிடம் சொற் பஞ்சம் இருந்ததில்லை. தெய்வமாக்கியது போதும், உறுதியிலும் பதிவேட்டிலும் சங்கத்திலும் மனுஷியாக அவளுக்குரிய இடத்தைக் கொடுப்போம். அரைப் பேரோடு நெடுங்காலம் வாழ்ந்துவிட்டாள் மலையகத் தாய். அவளுக்கு முழுப் பேர் போடும் கடன் நம்முடையது.