புணரியலும் பொறியியலும்

எமது கல்லூரித் தாய் தன் விழாவைக் கொண்டாடும் இவ்வேளையில், இலக்கணம் கற்பிக்கும் ஒருவன் மோட்டார் வண்டியைப் பற்றி எழுதப் புகுந்தது ஏனென்று பழைய மாணவர் சிலர் வியத்தல் கூடும். காரணம் உண்டு. பழைய கடனொன்றைத் தீர்ப்பதற்காகவே எழுதுகின்றேன்.

பல ஆண்டுகளுக்கு முன், நன்னூற் புணரியலை நான் நடத்திக்கொண்டிருந்த பாடவேளையில், பின் வாங்கில் இருந்த மாணவனொருவன் கொப்பியில் எஞ்சினொன்றின் படத்தை வரைந்துகொண்டிருந்தான். கொப்பியைப் பறித்தேன். "தமிழ் படிக்க வந்தாயா, கராச்சுக்குப் படம் கீற வந்தாயா?" என்று வகுப்பறிய ஏசினேன். அவன் மறுமொழி சொல்லவில்லை. பின்னர் கனடாவுக்குச் சென்ற அம்மாணவன் சென்ற ஆண்டு விடுமுறையில் என்னைக் காண வந்தான். தன் வீட்டுக் கொட்டிலில் 'ஹொட் ரொட்' எனும் வண்டியொன்றைத் தானே கட்டி வருவதாகக் கூறினான். "சேர், நீங்கள் படிப்பித்த புணர்ச்சிதான் அங்கே உதவுகிறது" என்று சொல்லிச் சிரித்தான். எனக்கு நாணமாயிற்று. அவன் விளக்கக் கேட்டதையும், பின் நானே தேடிப் படித்ததையும் கொண்டு இதனை எழுதுகின்றேன்.

ஹொட் ரொட் என்பது அமெரிக்காவிலே, சிறப்பாகத் தென் கலிபோர்ணியாவிலே, 1930ஆம் ஆண்டுகளில் வளர்ந்த கைவினை. மலிவாகக் கிடைத்த பழைய போர்ட் வண்டியை வாங்கி, வேண்டாத பாரத்தைக் கழற்றி, வலிமை கூடிய எஞ்சினைப் பூட்டி, மியூறொக், எல் மிறாஜ் முதலிய வறண்ட ஏரித் தரைகளில் இளைஞர் ஓட்டினர். 1932இல் போர்ட் நிறுவனம் வெளியிட்ட எட்டுச் சிலிண்டர் எஞ்சின் 65 குதிரைவலு உடையது. சாதாரண குடும்பத்தாரும் வாங்கத்தக்க வண்டியில் அது வந்தமையால் இவ்வினை விரைந்து பரவிற்று. 1937இல் இளைஞர் கழகங்கள் ஒன்றுகூடித் தென் கலிபோர்ணிய நேரக்கணிப்புச் சங்கத்தை நிறுவின.

இவ்வண்டியின் உறுப்புக்கள் ஓரிடத்துப் பிறந்தவையல்ல. எஞ்சின் ஒரு நிறுவனத்தது; கியர்ப் பெட்டி வேறொன்றினது; பிறேக்கு வேறோராண்டு வண்டியினது. தனித்தனியே எல்லாம் நல்லவையே. ஆயினும், நல்ல சொற்களை அடுக்கிய மாத்திரத்தில் நல்ல வாக்கியம் அமையாதவாறு போல, நல்ல உறுப்புக்களைச் சேர்த்த மாத்திரத்தில் நல்ல வண்டி அமையாது.

நிலைமொழியும் வருமொழியும் மாற்றமின்றிச் சேர்வது இயல்பு புணர்ச்சி; பொன்மலை என்பது போல. மாற்றமுறின் அது தோன்றல், திரிதல், கெடுதல் என மூவகைப்படும். பொருத்துவோன் செய்வனவும் இவையே. போர்ட் வண்டிகள் 1939இல் நீர்ம அழுத்தப் பிறேக்கை ஏற்றன. ஒரே குடும்பத்தன ஆதலால், அவ்வுறுப்புக்களை முந்திய போர்ட் வண்டிகளிற் பெருமாற்றமின்றியே பூட்ட முடிந்தது. இது இயல்பினை ஒத்தது. 1949இல் வந்த ஒல்ட்ஸ்மொபில் எஞ்சினைப் போர்ட் கியர்ப் பெட்டியுடன் சேர்க்க, இரண்டுக்கும் இடையே புதியதோர் இணைப்புத் தகடு வேண்டும். பூங்கொடியில் மெல்லெழுத்துத் தோன்றுதல் போல. எண்ணெய்த் தொட்டி குறுக்குச் சட்டத்தில் முட்டுமாயின் அதனை வெட்டி வேறு வடிவாக்க வேண்டும். பொற்குடத்தில் னகரம் திரிதல் போல. சிலவற்றை முற்றாக நீக்குதலும் உண்டு. மரவேரில் மகரம் கெடுதல் போல.

ஆனால், ஈண்டு ஒரு வேறுபாட்டைக் குறித்தல் வேண்டும். மரவேரிற் கெட்ட மகரத்தால் பொருளுக்குக் குறைவில்லை. வண்டியிலோ, நீக்கிய உறுப்பு செய்த தொழிலை வேறொன்று ஏற்றே ஆகவேண்டும். 1948 வரை வந்த போர்ட் கார்களில், பின்னச்சுக்குச் சுழற்சியைக் கொண்டு செல்லும் தண்டு ஒரு குழாயினுள் அடங்கியிருந்தது. அக்குழாய் வெறும் உறையன்று. சில்லுகள் வண்டியை முன்தள்ளும் விசையைத் தாங்கியதும், பின்னச்சு முறுகாமற் காத்ததும் அதுவே. புதிய கியர்ப் பெட்டிக்காக அதனை அகற்றுவோன், அவ்விசையைத் தாங்க வேறு தாங்குகோல்களை அமைக்காவிடின், அச்சு தன்னிலையில் நில்லாது. கழற்றுமுன் அதன் கடமை யாதென வினவுதலே அறிவுடைமை.

வரிசையும் முக்கியமானது. எஞ்சினை முதலில் இறுகப் பூட்டி விட்டு, பின் றேடியேட்டருக்கு இடமில்லை, ஸ்ரியறிங் தண்டு புகைக்குழாயில் இடிக்கிறது என்று வருந்துவோர் பலராம். எஞ்சின், கியர்ப் பெட்டி, உடல், சில்லு, றேடியேட்டர், மிதிகட்டை யாவற்றையும் முதலில் தற்காலிகமாக வைத்துப் பார்த்தல் வேண்டும். தாங்கிகளைப் புள்ளி புள்ளியாக மாத்திரம் வெல்டிங் செய்து, அளந்து, பிழை கண்டவிடத்து வெட்டித் திருத்தி, எல்லாம் இசைந்த பின்னரே முழுதாக ஒட்டவேண்டும். எஞ்சினின் மைய அச்சும் கியர்ப் பெட்டியின் மைய அச்சும் ஓரங்குலத்தின் ஆயிரத்தில் ஐந்து பங்குக்கு மேல் விலகலாகாது என்பது பொதுவாகக் கொள்ளும் அளவு. கண்ணுக்குப் புலனாகாத அப்பிழை கிளச்சையும் பெயாரிங்கையும் நாளடைவில் அழிக்கும். தண்டின் இரு முனை மூட்டுக்களின் கோணங்கள் ஒவ்வாவிடின் வண்டி அதிரும். ஸ்ரியறிங்கிலோ பிறேக்கிலோ பிழை நேரின் அழிவது உயிர். 'ஓரளவு சரி' என்ற சொல்லுக்கு அங்கு இடமில்லை. கட்டுரையிற் சந்திப்பிழை விட்ட மாணவனுக்கு ஒரு புள்ளியே குறையும்.

இத்துணை அளவும் பொறுமையும் முன்யோசனையும் வேண்டும் வினையை, 'படிப்பு ஏறாதவனின் வேலை' என்று எம்மவர் தள்ளி வைத்தல் நீதியா? 1990ஆம் ஆண்டின் பின் வடபுலத்திற் பெற்றோல் தடைப்பட்டிருந்த காலத்தை என் வயதினர் மறந்திரார். சில துளி பெற்றோலைக் காட்டி உயிர்ப்பித்து, மண்ணெண்ணெயில் பழைய கார்களை ஓடச் செய்தவர் யார்? சுவரிற் சான்றிதழ் தொங்கவிட்டிருந்த நாமா? கராச்சுகளில் எண்ணெய்க் கையுடன் நின்ற தொழிலாளரே. நோயாளர் பலர் வைத்தியசாலை சேர்ந்தது அவர்தம் கைவண்ணத்தால். தடை நீங்கியதும் அவர்களை மறந்தோம். அவர்களை ஒத்த மாணவரைப் பின் வாங்கிலே இருத்தினோம். அக்குற்றத்தில் எனக்கும் பங்குண்டு.

ஆதலால், விழா நினைவாக வளைவொன்று எழுப்புதல் பற்றிப் பேசும் பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம். அதற்கு முன் ஒரு பட்டறை எழுப்புங்கள். அதில் ஒரு பழைய எஞ்சினும், அளவு கருவிகளும், பொறுமையுள்ள ஒரு தொழிலறிஞரும் இருந்தாற் போதும். மாணவர் கழற்றட்டும், அளக்கட்டும், பிழைவிட்டுத் திருந்தட்டும். இலக்கணப் பாடவேளையில் அவர்களை அப்பட்டறைக்கு அழைத்துச் செல்ல நான் உடன்படுகின்றேன். புணரியலை அங்கு நின்றே நடத்துவேன். அன்று ஏச்சு வாங்கிய மாணவனுக்கு நான் செலுத்தத்தக்க கடன் அதுவே.

எமது கல்லூரி நீடு வாழ்க!