செவுளைப் பார்த்து மீன் வாங்கும் ஊரில், இறுதிக்காலப் பராமரிப்பை எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறோம்?

 

பழவேற்காட்டுச் சந்தையில் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் ஒரு மடவை மீனைக் கூட எவரும் வாங்குவதில்லை. நண்டை அழுத்திப் பார்த்து, உள்ளே சதை இருக்கிறது என்று உறுதியான பிறகே விலை பேசப்படுகிறது. இறாலை எடை போடும்போது வாங்குபவரின் கண் தராசை விட்டு அகலுவதில்லை. ஒரு வேளை உணவுக்கே இத்தனை விசாரணை! ஆனால் குணமாகாத நோயில் படுத்துவிட்ட தாயையோ தந்தையையோ ஒரு பராமரிப்பு இல்லத்தில் ஒப்படைக்கும்போதும், வீடு தேடி வரும் ஓர் அமைப்பை நாடும்போதும் நம் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள் மிகச் சில.

கட்டடம் புதியதா? அறையில் குளிரூட்டி உண்டா? நடத்துபவர்கள் நம்மவர்களா? ஹலால் உணவு கிடைக்குமா? தொழ இடம் இருக்கிறதா? இவற்றுக்கு நல்ல பதில் கிடைத்துவிட்டால் மனம் நிறைந்துவிடுகிறது. இவை வேண்டாத கேள்விகள் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் இவற்றுள் ஒன்றேனும் நோயாளியின் வலியைப் பற்றியதா? மரணத்தை நெருங்கும் ஒருவருக்கான பராமரிப்பின் தரத்தை அளக்கும் முதல் கோல், நள்ளிரவில் அவருடைய வலி தணிகிறதா என்பதே. இந்தக் கோலை நம் சமுதாயம் இன்னும் கையில் எடுக்கவில்லை. அதனால் ஏற்படும் துன்பத்தைப் பேச முடியாத நிலையில் கிடக்கும் முதியவர்கள் சுமக்கின்றனர்.

கைவிடுதலா, கடமையா?

பெற்றோரைப் பிறர் கையில் ஒப்படைப்பது மார்க்கத்துக்கு முரணானது என்று சிலர் வாதிடுகின்றனர். முதுமை அடைந்த பெற்றோரிடம் சலிப்பின் சிறு சொல்லையும் சொல்லலாகாது என்ற திருக்குர்ஆனின் 17ஆம் அத்தியாயப் போதனையை அதற்கு ஆதாரமாகக் காட்டுகின்றனர். அந்தப் போதனை நம் தலைமேல் இருக்கிறது. ஆனால் வலியில் துடிக்கும் தாயை, வலி தணிக்கும் மருந்தும் புண்ணைச் சுத்தம் செய்யத் தெரிந்த கையும் இல்லாமல், 'எங்கள் வீட்டிலேயே வைத்துப் பார்க்கிறோம்' என்று பெருமை பேசுவதற்கும் அந்தப் போதனைக்கும் என்ன தொடர்பு? மருத்துவம் செய்துகொள்ளுமாறு ஏவியவர்கள் அண்ணல் நபி (ஸல்) அவர்கள். நோயைக் குணப்படுத்த முடியாத நிலையில் வலியைத் தணிப்பதும் மருத்துவமே.

இன்னும் சிலர் இதைக் கருணைக்கொலையோடு சேர்த்துக் குழப்புகின்றனர். நவீன இறுதிக்காலப் பராமரிப்புக்கு வழிகாட்டியவர் இங்கிலாந்தின் சிசிலி சாண்டர்ஸ். செவிலியராகத் தொடங்கி மருத்துவரான அவர், 1967இல் லண்டனில் புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் திறந்தார். கருணைக்கொலையை வாழ்நாள் முழுவதும் எதிர்த்தவர் அவர். மரணத்தை விரைவுபடுத்துவதும் இல்லை, தள்ளிப்போடுவதும் இல்லை என்பதே உலகச் சுகாதார நிறுவனம் இப்பராமரிப்புக்கு வகுத்த இலக்கணம். ஆயுளின் தவணை அல்லாஹ்விடம் இருக்கிறது என்று நம்பும் ஒரு சமுதாயம் இதில் அஞ்சுவதற்கு எதுவும் இல்லை.

மார்ஃபின் குறித்த அச்சம்

அடுத்த தடை மார்ஃபின். 'அது போதைப்பொருள்; அறிவை மழுங்கடிக்கும்; கலிமா சொல்ல விடாது' என்ற பேச்சு நம் வீடுகளில் உலவுகிறது. புற்றுநோயின் கடும் வலிக்கு வாய்வழி மார்ஃபினைப் பயன்படுத்தும் படிமுறையை உலகச் சுகாதார நிறுவனம் 1986இலேயே வெளியிட்டது. சரியான அளவில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்தினால், முதல் சில நாள்களின் தூக்கக் கலக்கம் பெரும்பாலோருக்குத் தெளிந்துவிடுகிறது. நோயாளி உண்கிறார், பேசுகிறார், பேரக் குழந்தைகளை அடையாளம் கண்டு அழைக்கிறார். மருத்துவத் தேவைக்காக இத்தகைய மருந்துகளைப் பயன்படுத்துவதை இக்காலத்து மார்க்க அறிஞர்கள் அனுமதிக்கின்றனர்.

தொழுகையைக் காரணம் காட்டுவோரிடம் நாம் திருப்பிக் கேட்கிறோம்: தணிக்கப்படாத வலியில் அலறும் மனிதரால் எந்த ரக்அத்தில் மனத்தை நிறுத்த முடியும்? நிற்க இயலாவிட்டால் அமர்ந்தும், அதுவும் இயலாவிட்டால் ஒருக்களித்துப் படுத்தும் தொழலாம் என்று மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. அந்தச் சலுகையை அவர் பயன்படுத்திக்கொள்ள வேண்டுமானால் முதலில் வலி அடங்க வேண்டும்.

மார்ஃபின் எளிதில் கிடைக்காமல் போனதற்குச் சட்டமும் ஒரு காரணம். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கெடுபிடிகளுக்கு அஞ்சிப் பல மருத்துவமனைகள் இம்மருந்தை வைத்திருப்பதையே விட்டுவிட்டன. 2014இல் சட்டம் திருத்தப்பட்டு, அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் ஒரே உரிமத்தில் இதை வைத்திருக்க வழி பிறந்தது. சட்டம் வழிவிட்ட பின்னும் ஓர் அமைப்பு மார்ஃபின் வைத்திருக்கவில்லை என்றால், அதன் பெயர்ப்பலகையில் எத்தனை அழகிய சொற்கள் இருந்தாலும் அது தன் முதல் கடமையைச் செய்யவில்லை.

கேட்க வேண்டிய கேள்விகள்

ஆகவே, எந்த அமைப்பை நாடினாலும் கீழ்வரும் கேள்விகளைக் கூச்சமின்றிக் கேளுங்கள்.

வலியை அளந்து எழுதுகிறீர்களா? பூச்சியம் முதல் பத்து வரை எண்ணிட்டு ஒவ்வொரு சந்திப்பிலும் குறித்து வைப்பதே முறையான வழக்கம். குறிப்பேட்டைக் காட்டச் சொல்லுங்கள். 'நன்றாகப் பார்த்துக்கொள்கிறோம்' என்பது பதில் ஆகாது.

மார்ஃபின் மாத்திரை தடையின்றிக் கிடைக்கிறதா? சாதாரண மாத்திரையின் வேகம் ஏறத்தாழ 4 மணி நேரமே நீடிக்கும். 'வலித்தால் கொடுங்கள்' என்று சொல்பவரை விட, நேரம் வகுத்துக் கொடுக்கச் சொல்பவரே தொழில் தெரிந்தவர். இம்மருந்து மலச்சிக்கலை உண்டாக்கும். ஆகவே, தொடங்கும் நாளிலேயே மலமிளக்கியும் தருகிறாரா என்று பாருங்கள். இந்த ஒரு கேள்வியே அனுபவம் உள்ளவரைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இரவு 2 மணிக்கு மூச்சு திணறினால் எந்த எண்ணை அழைப்பது, எடுத்துப் பேசுவது யார்? காவலாளி எடுப்பாரா, செவிலியர் எடுப்பாரா? சேர்ப்பதற்கு முன்பே ஓர் இரவில் அந்த எண்ணை அழைத்துப் பாருங்கள்.

மருத்துவரும் செவிலியரும் இத்துறையில் எங்கே, எவ்வளவு காலம் பயிற்சி பெற்றவர்கள்? படுக்கைப் புண் வராமல் இருக்க ஏறத்தாழ 2 மணி நேரத்துக்கு ஒரு முறை நோயாளியைத் திருப்பிப் படுக்க வைக்கிறார்களா? பெண் நோயாளியைத் துடைத்துவிடப் பெண் பணியாளர் உண்டா? வீட்டில் இருக்கும் மகளுக்கும் மருமகளுக்கும் இவற்றைக் கற்றுத்தருகிறார்களா?

நோயாளியிடம் உண்மையைப் பேசுகிறார்களா? இது நம் குடும்பங்களுக்குக் கசக்கும் கேள்வி. 'அவரிடம் சொல்லிவிடாதீர்கள்' என்று மருத்துவரின் கையைப் பிடித்துக்கொள்வது நம் வழக்கமாகிவிட்டது. ஆனால் மரண சாசனம் எழுத வேண்டிய பொருள் உள்ளவர், அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகளைக் கழிப்பது தகாது என்பது நபிமொழியின் கருத்து. கடனைத் தீர்க்கவும், கொடுக்காமல் விட்ட மஹரைக் கொடுக்கவும், மனம் நோகடித்தவரிடம் மன்னிப்புக் கேட்கவும் ஒருவருக்கு இருக்கும் கடைசி வாய்ப்பை அன்பின் பெயரால் பறிப்பது அநீதி. நோயாளி அறிய விரும்பும் அளவுக்கு, அவர் தாங்கும் விதத்தில் உண்மையைச் சொல்லத் தெரிந்த அமைப்பே நல்ல அமைப்பு.

உயிர் பிரிந்த பிறகு என்ன செய்வார்கள்? கட்டண பாக்கியைக் காட்டி மையித்தை நிறுத்தி வைப்பார்களா, குளிப்பாட்டிக் கஃபனிடத் தாமதமின்றி ஒப்படைப்பார்களா? இத்தாவில் அமர்ந்த விதவையை ஒரு மாதம் கழித்து எவரேனும் வந்து பார்ப்பார்களா?

இலவசம் என்பது விதிவிலக்கு அல்ல

'தர்மத்துக்கு நடத்துகிறார்கள், குறை சொல்லலாமா?' என்பார்கள். சொல்லலாம், சொல்லவும் வேண்டும். டமாஸ்கஸில் 1154இல் நூருத்தீன் எழுப்பியதும், கெய்ரோவில் 1284இல் சுல்தான் கலாவூன் எழுப்பியதும் வஃக்பு வருமானத்தில் இயங்கிய மருத்துவமனைகள். மருத்துவர்களும் மருந்து விற்பவர்களும் முஹ்தசிபின் மேற்பார்வைக்கு உட்பட வேண்டும் என்று 12ஆம் நூற்றாண்டின் அஷ்ஷைஸரீ தம் ஹிஸ்பா நூலில் எழுதினார். இரக்கம் கணக்குக் கேட்பதைத் தடுக்கும் என்று நம் முன்னோர் எண்ணவில்லை. அளவையில் குறைப்போரைக் கண்டிப்பதற்கென்றே திருக்குர்ஆனில் ஓர் அத்தியாயம் இருக்கிறது. மருந்தின் அளவில் குறைப்பதும் குறைப்பதே. இலவசமாகப் பெறும் ஏழையின் வலி, பணம் கட்டியவரின் வலியை விடச் சிறியது அல்ல.

ஏரிக்கரைக்கு எது பொருந்தும்?

பழவேற்காடு சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அடையாற்றின் புற்றுநோய் மருத்துவமனைக்குப் போக நகரம் முழுவதையும் கடக்க வேண்டும். மணலியை அடுத்த மாத்தூரில் புற்றுநோயாளிகளுக்கு இலவசமாகப் படுக்கை தரும் ஜீவோதயா இல்லம் வட சென்னையில் இருப்பது ஆறுதலே. ஆனால் அன்றாடம் ஏரிக்குப் போனால்தான் அடுப்பு எரியும் வீட்டில், பனையோலை முடைந்து காசு பார்க்கும் பெண்களின் வீட்டில், நோயாளியோடு வாரக்கணக்கில் வெளியூரில் தங்க யாரால் முடியும்? ஆகவே நம் ஊர்களைப் பொறுத்தவரை, வீட்டு வாசலுக்கு வரும் செவிலியர்தான் தரத்தின் அடையாளம்.

தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து செய்யும் நோய்த்தணிப்புப் பராமரிப்பும் அடங்கியுள்ளது. இது நம் உரிமை. மீஞ்சூர் வட்டாரத்தில் அந்தச் செவிலியர் எந்தக் கிழமையில் வருகிறார், அவர் பையில் என்ன மருந்து இருக்கிறது என்று நம் ஜமாஅத் நிர்வாகிகள் கேட்டு, ஜுமுஆவுக்குப் பின் அறிவித்தால் என்ன குறைந்துவிடும்?

இப்பராமரிப்புத் தேவைப்படுவோரில் உலக அளவில் ஏறத்தாழ 14 சதவீதத்தினருக்கே அது கிடைக்கிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. இந்த இடைவெளியை நிரப்பிக் காட்டியவர்கள் நம் அண்டை மாநிலத்தவர். 1993இல் கோழிக்கோட்டில் மருத்துவர் ராஜகோபாலும் அவருடைய நண்பர்களும் தொடங்கிய சிறு வலி நிவாரண மையம், பின்னர் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மலப்புறத்தில் அக்கம்பக்கத் தொண்டர்களின் வலையமைப்பாக வளர்ந்தது. பயிற்சி பெற்ற சாதாரண மக்கள் வாரம் சில மணி நேரம் ஒதுக்கி நோயாளிகளைப் பார்த்தனர். சிறு சிறு நன்கொடைகளால் செலவு சமாளிக்கப்பட்டது. 2008இல் கேரள அரசு இதற்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது. மினாரத்தை உயர்த்தவும் பளிங்கு பதிக்கவும் தாராளமாக அள்ளித் தரும் நம் செல்வந்தர்கள் ஒரு செவிலியரின் மாதச் சம்பளத்துக்குத் தயங்குவது ஏன்?

இதற்கான முறையை வெளியூரில் தேட வேண்டியதும் இல்லை. கோட்டைக்குப்பம், நடூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் மீனவர்கள் தலைமுறைகளாகப் பாடு முறையைக் காத்து வருகின்றனர். நல்ல மீன் கிடைக்கும் இடத்தை ஒருவரே பிடித்துக்கொள்ளாமல், முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது. ஏரியைப் பங்கிட முடிந்த ஊருக்கு நோயாளியின் தலைமாட்டில் அமரும் இரவுகளையும் பங்கிட முடியும். அந்தப் பாட்டில் பள்ளிவாசல் தெருவும் சேரட்டும், குப்பங்களும் சேரட்டும். அண்டை வீட்டாரின் உரிமையை மார்க்கம் பேசும்போது அவருடைய மதத்தைக் கேட்டுவிட்டுப் பேசவில்லை.

நோயாளியைப் போய்ப் பார்ப்பது ஒரு முஸ்லிம் மற்றவருக்குச் செய்ய வேண்டிய கடமைகளுள் ஒன்று. ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டு, 'அல்லாஹ் ஷிஃபா தருவான்' என்று சொல்லி எழுந்து வருவதோடு அக்கடமை முடிந்துவிடாது. அடுத்த முறை போகும்போது, 'இரவில் வலி எப்படி இருந்தது? மருந்து இருக்கிறதா? யாரை அழைத்தீர்கள்? வந்தார்களா?' என்று கேட்டுவிட்டு வாருங்கள். பதில் சரியில்லை என்றால் அந்த அமைப்பின் வாசலில் போய் நில்லுங்கள், ஜமாஅத்தின் கூட்டத்தில் எழுந்து பேசுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் நோயாளிகளின் வலியை இலேசாக்கி, இறுதி நேரத்தை அமைதியாக்கி, அவர்களுக்குப் பணிவிடை செய்யும் கைகளுக்கு நற்கூலி வழங்குவானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.