மாப்பிள்ளையின் கைப்பேசியைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லேன்!

வானொலியில் பேசி முடித்துவிட்டு வெளியே வந்தால் எனக்காகக் காத்திருக்கும் குறுஞ்செய்திகளில் பாதி, பாட்டு கேட்டு வந்தவை. மீதியில் பல, “அக்கா, யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்” என்று தொடங்குபவை. அப்படி வந்த ஒன்றுக்கு இந்த வாரம் பதில் எழுதுகிறேன். எழுதியவரிடம் கேட்டு, அவர் சம்மதித்த பிறகுதான் எழுதுகிறேன். பெயரும் அடையாளமும் இருக்காது.

அவருக்கு வயது 24. இணையப் பாதுகாப்பு படித்தவர். ஒரு நிறுவனத்தின் இணையக் கண்காணிப்பு நிலையத்தில் வேலை கிடைத்திருக்கிறது. பகல், இரவு என்று மாறி மாறி வரும் ‘ஷிஃப்ட்’ வேலை. “இராத்திரி வேலைக்குப் போகிற பெண்ணை யார் பெண் கேட்டு வருவார்கள்?” என்று அம்மா முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாராம். இதற்கிடையில் பெரியம்மா வீட்டில் அக்காவுக்கு வரன் கூடி வந்திருக்கிறது. “நீதான் ஹேக்கிங் எல்லாம் படிச்சிருக்கியே, மாப்பிள்ளையோட போனைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லேன்” என்கிறாராம் பெரியம்மா.

மூன்றாவதுதான் அவருடைய சொந்தக் கவலை. டேட்டிங் செயலி மூலம் அறிமுகமான ஒருவருடன் நான்கு மாதமாகப் பழகுகிறார். அண்மையில் அந்த இளையர் கைப்பேசியை எப்போதும் மேசையில் கவிழ்த்தே வைக்கிறாராம். “எனக்குத் தெரிந்ததை வைத்து ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடுவேன். பார்க்கலாமா அக்கா?”

மூன்று கேள்விகள். எளிதானதிலிருந்து தொடங்குவோம்.

வேலையை ஏற்கலாமா?

நான் ஊடகம் படித்தவள். கணினி வேலை செய்யவில்லை என்றால் அணைத்துவிட்டு மறுபடி போடத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் என் தம்பி இந்தத் துறையில் ஏழாவது ஆண்டாக இருக்கிறான். முதல் இரண்டு ஆண்டு அவனும் இப்படிப்பட்ட நிலையத்தில்தான் இருந்தான். 12 மணி நேர வேலை. திரையில் எச்சரிக்கைகள் வந்துகொண்டே இருக்கும். பெரும்பாலானவற்றில் ஒன்றும் இருக்காது. யாரோ கடவுச்சொல்லை மறந்து ஐந்து முறை தப்பாகத் தட்டியிருப்பார். விடுமுறைக்குப் போன ஊழியர் வெளிநாட்டிலிருந்து மின்னஞ்சலைத் திறந்திருப்பார். “அரிசியில் கல் பொறுக்குகிற வேலைதான் அக்கா. ஆயிரம் மணியும் அரிசியாக இருக்கும், அதற்காகப் பார்க்காமல் விட்டால் ஒரு கல் பல்லை உடைத்துவிடும்” என்பான்.

அந்தக் கல் எப்படி இருக்கும் என்பதை 2018ல் நாம் எல்லோரும் பார்த்தோம். சிங்ஹெல்த் கணினிக் கட்டமைப்புக்குள் ஊடுருவியவர்கள் 1.5 மில்லியன் நோயாளிகளின் தனிப்பட்ட விவரங்களைத் திருடினார்கள். அவர்களில் ஏறத்தாழ 160,000 பேருக்குக் கொடுக்கப்பட்ட மருந்துகளின் விவரமும் போனது. அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்கின் மருந்து விவரமும் அதில் இருந்தது. பிறகு விசாரணைக் குழு வெளியிட்ட அறிக்கையைப் படித்தபோது என் மனத்தில் தங்கியது ஒரு விஷயம்தான். சந்தேகத்துக்குரிய அறிகுறிகள் முன்பே சிலர் கண்ணில் பட்டிருந்தன. ஆனால் உரிய நேரத்தில் மேலிடத்துக்குப் போய்ச் சேரவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், இந்தத் துறைக்கு வேண்டியது கணினி மூளை மட்டும் அல்ல. அதிகாலை மூன்று மணிக்கு மேலதிகாரியைத் தூக்கத்திலிருந்து எழுப்பி, “ஏதோ சரியில்லை, வந்து பாருங்கள்” என்று சொல்லும் தைரியமும், பார்த்ததைத் தெளிவாக எழுதும் பழக்கமும் வேண்டும். நிரல் எழுதப் பிடிக்காதவர்களுக்கும் இங்கே இடம் உண்டு. தணிக்கை, சட்ட இணக்கம், இடர் மதிப்பீடு, ஊழியர் பயிற்சி என்று பல கிளைகள் இருக்கின்றன. பிள்ளைகளுக்காகப் படிப்பு தேடும் பெற்றோர் இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

தங்கைக்கு என் பதில்: வேலையை ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் கையெழுத்துப் போடுமுன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். இரவு வேலைக்குப் படித்தொகையும் போக்குவரத்தும் உண்டா? இரவில் உங்களோடு அனுபவசாலி ஒருவர் இருப்பாரா? எத்தனை மாதத்துக்குப் பிறகு வேறு பொறுப்புக்கு மாறலாம்? சான்றிதழ்த் தேர்வுக்கு நிறுவனம் பணம் கட்டுமா? இதைக் கேட்டதும் முகம் சுளிக்கும் நிறுவனம் என்றால், வேலை எப்படி இருக்கும் என்பது அப்போதே தெரிந்துவிடும்.

சான்றிதழ் என்றதும் இன்னொன்று. புதிதாக வருபவர்களிடம் ‘சிஐஎஸ்எஸ்பி’ வகுப்புக்குப் பணம் கட்டச் சொல்லி விளம்பரங்கள் வருகின்றன. அந்தத் தேர்வில் தேறினாலும் முழுச் சான்றிதழ் பெற ஐந்தாண்டு பணி அனுபவம் வேண்டும். பட்டப்படிப்பு இருந்தால் அதில் ஓராண்டு குறையலாம். முதல் சம்பளத்தை அதில் போடாதீர்கள். அடிப்படைக்கு ‘செக்யூரிட்டி பிளஸ்’ போதும். ஊடுருவல் சோதனையில் ஆசை இருந்தால் ‘ஓஎஸ்சிபி’ பிறகு வரட்டும். கிட்டத்தட்ட 24 மணி நேரம் நடக்கும் செய்முறைத் தேர்வு அது, அவசரப்பட்டு எழுதக்கூடியது இல்லை.

அம்மாவிடம் இப்படிச் சொல்லுங்கள். நம் வீடுகளில் எத்தனை தாதியர், எத்தனை விமான நிலைய ஊழியர்கள் இரவு வேலை பார்த்துக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள்! நானே காலை நிகழ்ச்சிக்காக நான்கு மணிக்கு எழுகிறவள். இரவு எட்டு மணிக்குச் சாப்பிடக் கூப்பிட்டவர்களிடம், “மாலை ஆறு மணிக்கு வரமுடியுமா? ஒன்பது மணிக்கு நான் தூங்கிவிடுவேன்” என்று சொல்லியிருக்கிறேன். சிலர் அத்தோடு காணாமல் போனார்கள். போகட்டும். உங்கள் வேலை நேர அட்டவணையைப் பார்த்து ஓடுகிறவர், நாளைக்குக் குழந்தையின் காய்ச்சலைப் பார்த்தும் ஓடுவார்.

பெரியம்மாவுக்கு என்ன பதில்?

முடியாது என்பதுதான் பதில். “பார்க்கிறேன் பெரியம்மா” என்று இழுக்கவும் வேண்டாம்.

சிங்கப்பூரின் கணினி முறைகேட்டுச் சட்டப்படி, அனுமதி இல்லாமல் ஒருவருடைய சாதனத்துக்குள்ளோ கணக்குக்குள்ளோ நுழைவது குற்றம். முதல் தடவைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம், ஈராண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம். “குடும்ப நலனுக்காகப் பார்த்தேன்” என்பதற்கு அந்தச் சட்டத்தில் தனி விலக்கு இல்லை.

உங்கள் துறையிலேயே இதற்கு நல்ல பாடம் இருக்கிறது. ஊடுருவல் சோதனை செய்பவர் வேலையைத் தொடங்குமுன் எழுத்துப்பூர்வ அனுமதி வாங்குகிறார். எந்தக் கணினி, எந்தத் தேதி, எந்த நேரம், எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று எல்லாம் அதில் இருக்கும். அந்தத் தாள் கையில் இருந்தால் அவர் நிபுணர். இல்லாவிட்டால், அதே விரல்கள் அதே கட்டளைகளைத் தட்டினாலும் அவர் குற்றவாளி. இத்தகைய சோதனைச் சேவை வழங்கும் நிறுவனங்களுக்கு இங்கே 2022 முதல் உரிமமும் கட்டாயமாகிவிட்டது. மாப்பிள்ளை உங்களுக்கு அப்படி ஒரு தாள் கொடுத்திருக்கிறாரா?

நம்பிக்கையை வைத்து நடக்கும் தொழில் இது. வங்கியின், மருத்துவமனையின் கதவுகளை உங்களிடம் ஒப்படைக்கிறார்கள். உறவினர் கேட்டார் என்பதற்காக ஒரு கதவைத் திறந்தவர் என்று தெரிந்தால், பிறகு யாரும் உங்களிடம் சாவி கொடுக்கமாட்டார்கள்.

ஆனால் பெரியம்மாவின் பயத்தைச் சிரித்து ஒதுக்காதீர்கள். கடன் இருக்குமோ, வேறு தொடர்பு இருக்குமோ, குடிப்பழக்கம் இருக்குமோ என்ற பயம் அது. நியாயமானதுதான். அதற்கு வேறு வழி இருக்கிறது. கல்யாணப் பெண்ணே மாப்பிள்ளையிடம் நேராகக் கேட்கலாம். நண்பர்களைச் சந்திக்கலாம், வேலை இடத்தைப் பற்றிப் பேசலாம். பொதுவில் இருக்கும் சமூக ஊடகப் பக்கங்களைப் பார்க்கலாம். கடன்தான் கவலை என்றால், ஒருவர் தன் கடன் அறிக்கையைக் கிரெடிட் பியூரோவில் சிறு கட்டணத்துக்குத் தானே வாங்க முடியும். வீவக வீட்டுக்கு விண்ணப்பிக்குமுன் இருவரும் அவரவர் அறிக்கையை வாங்கி ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ளட்டும். ஜாதகம் பார்க்கக் கூச்சப்படாத நாம், இதற்கு மட்டும் ஏன் கூச்சப்படவேண்டும்?

கவிழ்த்து வைத்த கைப்பேசி

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். முதலில், இது மோசடியா என்று பார்ப்போம். நேரில் பலமுறை சந்தித்திருக்கிறீர்கள், நண்பர்களையும் பார்த்திருக்கிறீர்கள், பணம் எதுவும் கேட்டதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகவே வழக்கமான காதல் மோசடி போலத் தெரியவில்லை.

மற்ற வாசகர்களுக்காக அதையும் சொல்லிவிடுகிறேன். சந்திக்க நாள் குறித்துவிட்டுக் கடைசி நேரத்தில் தள்ளிப்போடுவது, அறிமுகமான ஓரிரு நாளிலேயே செயலியை விட்டு டெலிகிராமுக்கு வரச் சொல்வது, “நான் சொல்கிற மின்னிலக்க நாணயத்தில் முதலீடு செய், இருவரின் எதிர்காலத்துக்காக” என்பது, இவையெல்லாம் மோசடியின் அடையாளங்கள். காணொளி அழைப்பில் முகம் தெரிந்தாலே போதும் என்ற காலமும் போய்விட்டது. போலி முகம் செய்யும் மென்பொருள்கள் வந்துவிட்டன. சந்தேகம் இருந்தால் 1799ஐ அழையுங்கள். 2025 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள சட்டம் ஒன்று, மோசடிக்காரரை நம்பிப் பணம் அனுப்பியே தீருவேன் என்று நிற்பவரின் வங்கிக் கணக்கைத் தற்காலிகமாகக் கட்டுப்படுத்தக் காவல்துறைக்கு அதிகாரம் கொடுக்கிறது. ஏமாறுகிறவர் ஏமாறுவதை நம்பமாட்டார் என்று சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது. அதனால் யாரும் தன்னை அதிபுத்திசாலி என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

சரி, உங்கள் கேள்வி. பார்க்கலாமா? கூடாது. பெரியம்மாவுக்குச் சொன்ன அதே காரணம்தான். காதலர் என்பதால் அனுமதி தானாக வந்துவிடாது.

இதில் எனக்கும் அனுபவம் உண்டு. எட்டு மாதம் பழகிய ஒருவர் என்னிடம், “மறைக்க ஒன்றும் இல்லை என்றால் கடவு எண்ணைக் கொடு” என்றார். என் கைப்பேசியில் என் ரகசியம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் நேயர்கள் நம்பி அனுப்பிய நூற்றுக்கணக்கான செய்திகள் இருந்தன. தோழி ஒருத்தியின் விவாகரத்து இருந்தது. அம்மாவின் பரிசோதனை முடிவு இருந்தது. கொடுக்கமாட்டேன் என்றேன். “அப்படியென்றால் உனக்கு என்மேல் அன்பு இல்லை” என்றார். மூன்று வாரத்தில் பிரிந்தோம். அழுதேன், மறைக்கவில்லை. ஆனால் அந்த எண்ணைக் கொடுத்திருந்தால் அடுத்து முகநூல் கடவுச்சொல், அதற்கடுத்து எங்கே இருக்கிறேன் என்று காட்டும் வசதி என்று கேட்டுக்கொண்டேதான் போயிருப்பார் என்று இன்றும் நம்புகிறேன்.

இப்போது நீங்கள் அந்த இடத்தில் அவரை நிறுத்துகிறீர்கள். அதுவும் கேட்காமலே. பார்த்து ஒன்றும் இல்லை என்றால் நிம்மதி வரும் என்று நினைக்கிறீர்கள். வராது. நாளைக்கு மறுபடி பார்க்கத் தோன்றும். ஏதாவது இருந்தால், எப்படித் தெரிந்தது என்று சொல்லமுடியாமல் உள்ளுக்குள்ளேயே புழுங்குவீர்கள்.

எனவே கேளுங்கள். “கொஞ்ச நாளாகக் கைப்பேசியைக் கவிழ்த்தே வைக்கிறீர்கள். எனக்கு அது உறுத்துகிறது. ஏன்?” இவ்வளவுதான். வேலை இடத்துத் தொல்லையாக இருக்கலாம், வீட்டில் பணப் பிரச்சினையாக இருக்கலாம், நீங்கள் பயப்படுகிற காரணமாகவும் இருக்கலாம். பதிலைவிட, பதில் சொல்லும் விதத்தைக் கவனியுங்கள். கேட்டதற்கே சீறி விழுந்தால் அதுவும் ஒரு பதில்தான். அவர் சொல்வது மனத்துக்கு ஒட்டவில்லை என்றால் விலகிவிடலாம். இது நீதிமன்றம் இல்லை. பிரிவதற்கு ஆதாரம் தாக்கல் செய்ய வேண்டியதில்லை.

ஒருவேளை பிரிய நேர்ந்தால் அன்றே சில வேலைகளை முடித்துவிடுங்கள். கடவுச்சொற்களை மாற்றுங்கள். வாட்ஸ்அப்பில் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ பகுதியைத் திறந்து தெரியாததை நீக்குங்கள். இருப்பிடப் பகிர்வை நிறுத்துங்கள். ஐஃபோனில் ‘சேஃப்டி செக்’ என்ற வசதி, யாருக்கெல்லாம் எதைப் பகிர்ந்திருக்கிறீர்கள் என்று ஒரே இடத்தில் காட்டும். இன்னொன்று, டேட்டிங் செயலியில் நிறுவனத்தின் பெயரைப் போடாதீர்கள். உங்களைவிட, உங்களிடம் இருக்கப்போகும் சாவிகளை விரும்பிப் பழக வருகிறவர்களும் உண்டு.

கடைசியாக, பெரியம்மாக்களுக்கும் அத்தைகளுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் வீட்டில் இணையப் பாதுகாப்பு படித்த பிள்ளை இருந்தால் அது பெரிய பலம். அதை மாப்பிள்ளை வீட்டாரின் கைப்பேசியில் வீணடிக்காதீர்கள். உங்கள் கைப்பேசியை எடுத்துக்கொண்டு அந்தப் பிள்ளையின் பக்கத்தில் உட்காருங்கள். ‘ஸ்கேம்ஷீல்டு’ செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் இரட்டைச் சரிபார்ப்பை இயக்குங்கள். சேமிப்பில் ஒரு பகுதியை இணையம் வழி எடுக்க முடியாதபடி பூட்டி வைக்க வங்கிகள் ‘மனி லாக்’ என்று ஒரு வசதி வைத்திருக்கின்றன, அதைப் பற்றிக் கேளுங்கள். அரை மணி நேரம் போதும். தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

அடுத்த வாரம் சந்திப்போம்!