கக்குகிற பிள்ளையும் கலங்குகிற தாயும்



பவுடர் பால் குடித்தவுடன் கக்கிவிடுகிற கைக்குழந்தையைக் குறித்து இம்மாதம் எழுதுகிறேன். இது ஒரு போதகர் எழுதவேண்டிய காரியமா என்று சிலர் கேட்கக்கூடும். ஹைதராபாத்திலும் செகந்திராபாத்திலும் வாடகை வீடுகளில் வசிக்கிற நம் இளம் தம்பதியர் பலருக்கு அருகில் தாயும் இல்லை, மாமியாரும் இல்லை. பக்கத்து வீட்டாரின் பேச்சும் முழுவதும் விளங்குவதில்லை. இரவு 2 மணிக்குக் குழந்தை குடித்ததையெல்லாம் தோளில் கொட்டும்போது, அந்தத் தாய் யாரிடம் கேட்பாள்?

"கக்கின பிள்ளை தக்கும்" என்பது நம் பெரியோர் வாக்கு. அது பெரும்பாலும் உண்மையே. உணவுக்குழாய் இரைப்பையைச் சேரும் இடத்திலுள்ள தசை பச்சிளம் பருவத்தில் இன்னும் உறுதியடைவதில்லை. ஆகாரம் முழுவதும் திரவம். பிள்ளையோ நாள் முழுவதும் படுத்தே இருக்கிறது. ஆகவே முதல் 3 மாதங்களில் ஏறத்தாழ பாதிக் குழந்தைகள் நாளொன்றுக்கு ஒரு முறையாவது கக்குகின்றன. 4-ஆம் மாதத்தையொட்டி இது அதிகரித்து, ஒரு வயதுக்குள் பெரும்பாலும் நின்றுவிடுகிறது. எடை ஏறி, துணி நன்றாக நனைந்து, கக்கியபின்பும் முகம் தெளிந்திருந்தால் அது நோயன்று. ஒரு தேக்கரண்டிப் பாலைத் துணியில் ஊற்றிப் பாருங்கள்; எவ்வளவு பெரிய கறையாகப் பரவுகிறது! கறையைக் கண்டு பயப்படாமல், எடைத் தராசைப் பாருங்கள்.

அடுத்ததாக, பால் புகட்டும் விதத்தைச் சோதித்தறியுங்கள். பவுடர் பால் மட்டுமே குடிக்கிற குழந்தைக்கு, முதல் மாதங்களில் ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 மில்லி போதுமானது. 4 கிலோ குழந்தைக்கு 600 மில்லி. அதை 7 அல்லது 8 வேளையாகப் பிரித்தால் ஒரு வேளைக்கு 75 முதல் 85 மில்லிதான். பாட்டில் நிறைய கலந்துவிட்டோமே என்று கடைசிச் சொட்டுவரை புகட்டினால், மிகுதியானது திரும்பி வரத்தான் செய்யும். நிப்பிளின் துவாரம் பெரிதாயிருந்தாலும் அப்படியே. நடுவில் நிறுத்தி ஏப்பம் விடச்செய்யுங்கள். குடித்து முடித்தபின் 20 அல்லது 30 நிமிடம் நிமிர்த்தித் தோளில் வைத்திருங்கள், குலுக்கவேண்டாம். கக்குகிற குழந்தையானாலும் மல்லாக்கவே தூங்கவையுங்கள். குப்புறப் படுக்கவைப்பது ஆபத்தானது.

இனி கலக்கும் முறை. டப்பா விலை ஏறிவிட்டதென்று பவுடரைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டுவோர் உண்டு. இதனால் இரத்தத்தில் உப்பின் அளவு குறைந்து வலிப்பு வரக்கூடும்; வளர்ச்சியும் குன்றும். நன்றாகத் தூங்கட்டும் என்று கெட்டியாகக் கலப்போரும் உண்டு. அது மலச்சிக்கலை உண்டாக்கி, சிறுநீரகத்திற்குப் பாரமாகும். டப்பாவில் அச்சிட்டிருக்கும் அளவே அளவு. முதலில் தண்ணீர், பின்பு தலைதட்டிய கரண்டியில் பவுடர்.

பவுடர் பால் கிருமியற்றது என்று எண்ணாதிருங்கள். அதில் குரோனோபாக்டர் போன்ற கிருமிகள் இருக்கக்கூடும் என்பதால், 70 டிகிரி செல்சியசுக்குக் குறையாத வெந்நீரில் கலக்கும்படி உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வழிகாட்டியது. அதாவது கொதித்து இறக்கிய அரைமணி நேரத்திற்குள் கலந்து, பாத்திரத்தைக் குளிர்ந்த நீரில் வைத்து ஆற்றிப் புகட்டவேண்டும். கேன் தண்ணீரானாலும், ஃபில்டர் தண்ணீரானாலும் கொதிக்கவைத்தே ஆகவேண்டும். கலந்த பாலை 2 மணி நேரத்திற்குமேல் வெளியே வைக்கவேண்டாம். குடித்து மீந்ததை ஊற்றிவிடுங்கள். பாட்டிலைவிடப் பாலாடையும் சிறு கிண்ணமும் கழுவுவதற்கு எளிது.

கக்குகிறதென்றவுடன் வாரத்திற்கொரு டப்பா மாற்றுவதால் பெரும்பாலும் பயனில்லை. கடைக்காரர் சொல்வதையோ அண்டைவீட்டார் சொல்வதையோ நம்பி மாற்றாதேயுங்கள். இந்த டப்பாக்களில் குழந்தையின் படம் போடுவதையும், இவற்றை விளம்பரம் செய்வதையும், இலவச மாதிரி கொடுப்பதையும் 1992-ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம் தடைசெய்திருக்கிறது. தாய்மார் விளம்பரத்தால் இழுக்கப்படாமல் மருத்துவ ஆலோசனையின்படி நடக்கவேண்டும் என்பதே அதன் கருத்து. மலத்தில் இரத்தமோ சளியோ, தோலில் தடிப்போ கண்டால், பசும்பால் புரதம் ஒவ்வாமையாக இருக்கலாம். அப்போது எந்தப் பவுடர் என்பதை மருத்துவரே தீர்மானிக்கவேண்டும். தொக்கம் எடுப்பது, குடல் தட்டுவது, வசம்பு உரைத்துக் கொடுப்பது, தேன் தடவுவது ஆகிய எதுவும் வேண்டாம்.

பிரியமானவர்களே, பழமொழி பொருந்தாத இடங்களும் உண்டு. அவற்றை இப்போது கவனமாய் வாசியுங்கள். பிறந்து 2 முதல் 8 வாரத்திற்குள், ஒவ்வொரு வேளையும் பால் பீறிட்டுத் தூரப் பாய்ந்து, கக்கியவுடன் பிள்ளை மீண்டும் பசியால் அழுதால், இரைப்பையின் வெளிவாசல் தசை தடித்திருக்கலாம். ஆண் குழந்தைகளுக்கே இது அதிகம் வருகிறது. முற்காலத்தில் இந்நோயால் அநேகக் குழந்தைகள் மரித்தன. 1911-இல் ஜெர்மனியின் கான்ராட் ராம்ஸ்டெட் என்ற அறுவை மருத்துவர் எளிய முறை ஒன்றைக் கண்டார். இன்றும் அம்முறையினாலேயே குழந்தைகள் குணமடைகின்றன.

வாந்தி பச்சை நிறமாயிருந்தால் குடல் அடைபட்டிருக்கலாம்; விடியும்வரை காத்திருக்காதேயுங்கள். அப்படியே இரத்தம் கலந்த வாந்தி, வயிறு உப்புதல், உச்சிக்குழி உள்வாங்குதல், 6 மணி நேரமாகச் சிறுநீர் கழியாமை, எழுப்பினாலும் எழாத சோர்வு, 3 மாதத்திற்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல், இவற்றில் ஒன்று கண்டாலும் உடனே புறப்படுங்கள்.

இந்த ஊரில் இன்னொரு எச்சரிப்பும் தேவை. தெலுங்கில் "பச்ச" என்ற சொல் மஞ்சளையும் குறிக்கும். மஞ்சள்காமாலைக்கு அவர்கள் "பச்சகாமெர்லு" என்றே சொல்லுகிறார்கள். இலையின் பச்சைக்கு "ஆக்குபச்ச" என்று சொல்லவேண்டும். நீங்கள் "பச்சையாக வாந்தி" என்றால் நர்ஸ் வேறுவிதமாய் விளங்கிக்கொள்ளக்கூடும். ஆகவே கறைபட்ட துணியையே எடுத்துச்செல்லுங்கள். ரெட் ஹில்ஸிலுள்ள நிலோஃபர் அரசு மருத்துவமனை குழந்தைகளுக்கென்றே பேர்பெற்றது. ஆம்புலன்சுக்கு 108, 2005-இல் இந்த ஹைதராபாத்தில்தான் அச்சேவை தொடங்கியது.

ஜெபிப்பதா, மருத்துவரிடம் போவதா என்று சிலர் தடுமாறுகிறார்கள். அப்போஸ்தலனாகிய பவுலோடு பிரயாணம்பண்ணிய லூக்கா ஒரு வைத்தியன் அல்லவா? ஜெபித்துக்கொண்டே ஆட்டோவில் ஏறுங்கள். ஆராதனை முடியட்டும், போதகர் வந்து கைவைத்து ஜெபிக்கட்டும் என்று காத்திருக்கவேண்டாம். நான் மருத்துவமனைக்கே வந்து ஜெபிப்பேன்.

கடைசியாக, குடும்பத்தாருக்கு ஒரு வார்த்தை. "நீ தாய்ப்பால் கொடுத்திருந்தால் பிள்ளை இப்படிக் கக்குமா?" என்று அவளைக் குத்தாதேயுங்கள். தாய்ப்பால் சிறந்ததே, அது குறைந்தவர்கள் மருத்துவரின் உதவியோடு மீண்டும் பெருக்க முயலலாம். ஆயினும் தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைகளும் கக்குகின்றன. அவள் எந்தக் காரணத்தால் பவுடர் பாலுக்கு வந்தாள் என்பதை அவளே அறிவாள். சகோதரனே, இரவில் ஒரு வேளைப் பாலை நீர் கலந்து புகட்டி, அரைமணி நேரம் பிள்ளையைத் தோளில் சுமந்திரும், அவள் தூங்கட்டும். சபையின் மூத்த தாய்மாரே, ஒரு பகல் அந்த வீட்டிற்குச் சென்று துணிகளை அலசிக் கொடுத்து, பிள்ளையை எடைபார்க்க உடன் செல்லுங்கள். பாட்டியில்லாத வீடுகளுக்கு நீங்களே பாட்டிமார்.

கர்த்தர் உங்கள் குழந்தைகளைச் சுகத்தோடு வளர்ப்பாராக.