ஊராட்சி வாங்கிய காற்றாலை



மேட்டுப்பாளையம் பக்கத்தில் இருக்கும் ஓடந்துறை ஊராட்சிக்குச் சொந்தமாக ஒரு காற்றாலை உண்டு. ஊருக்குள் தேடினால் கிடைக்காது. காற்று வீசும் இடத்தில்தானே அது நிற்க முடியும்? அதனால் உடுமலைப்பேட்டைப் பக்கம் மைவாடியில் நிறுவினார்கள்.

எல்லாம் கரண்ட் பில்லில் தொடங்கியது. வீடுகளுக்குக் குடிநீர் போகப் போக மோட்டார் ஓடும் நேரம் கூடியது, பில்லும் ஏறியது. அப்போது ஊராட்சித் தலைவராக இருந்த சண்முகம் முதலில் சூரியசக்தித் தெருவிளக்குகளைப் போட்டுப் பார்த்தார். பிறகு மர மில் கழிவை எரித்து வாயுவாக்கி, அதில் தண்ணீர் இறைத்தார்கள். அதன்பின் 2006-ல் 350 கிலோவாட் காற்றாலை. விலை சுமார் 1.55 கோடி ரூபாய். ஊராட்சியின் சேமிப்பு கொஞ்சம், மீதி வங்கிக் கடன். ஒரு கிராம ஊராட்சி கோடிக்கணக்கில் கடன் கேட்டு வங்கிப் படியேறியதே எனக்குக் காற்றாலையை விடப் பெரிய செய்தி. காற்றாலையின் மின்சாரம் மின்வாரியத்தின் கம்பிக்குள் போகிறது. ஊராட்சியின் தேவைக்குப் போக மிஞ்சியதை வாரியம் வாங்கிக்கொள்கிறது. அந்த வருமானத்திலேயே கடனையும் கட்டினார்கள்.

பீகாரின் தர்னாய் கிராமத்தில் நடந்தது வேறு. சுமார் முப்பது வருடம் இருட்டில் கிடந்த ஊர் அது. 2014-ல் கிரீன்பீஸ் அமைப்பு அங்கே 100 கிலோவாட் சூரிய மின்நிலையம் அமைத்தது. பார்க்க வந்த முன்னாள் முதலமைச்சரிடம் மக்கள் கேட்டது என்ன தெரியுமா? ‘எங்களுக்கு அசல் கரண்ட் வேண்டும்!’ நன்றி கெட்டவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். விளக்கு எரியும், மின்விசிறி ஓடும், ஃப்ரிட்ஜ் கூடாது என்றால் யாருக்குத்தான் பிடிக்கும்? கட்டணமும் அரசு மின்சாரத்தை விட அதிகம். அரசு மின்கம்பி வந்ததும் எல்லோரும் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். பழுதான பேட்டரியைக் கவனிக்க ஆளில்லை. கடைசியில் அந்த இடத்தில் மாடு கட்டினார்கள்.

ஓடந்துறையின் கணக்கை ஓடந்துறையே போட்டது. தர்னாய்க்கு வெளியே இருந்து யாரோ போட்டுக் கொடுத்தார்கள். நான் பார்க்கும் வித்தியாசம் இதுதான்.

ஆகஸ்ட் 15 கிராமசபைக்குப் போகிறவர்கள் ஒரு கேள்வி கேளுங்கள்: நம் ஊராட்சி தெருவிளக்குக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் வருடத்துக்கு எவ்வளவு கட்டுகிறது? கிடைக்கும் பதிலை எங்களுக்கு எழுதுங்கள். பதில் கிடைக்காவிட்டாலும் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்